கப்பல் பட்டியலில் ஒரு தாத்தா

கடல் கடந்து போன தமிழ்க் குடும்பங்களில் வழிவழியாக வரும் கதை ஒன்று உண்டு. தாத்தாவின் அப்பா வசதியான வீட்டுப் பிள்ளை. அண்ணனோடு ஏதோ மனஸ்தாபம். கோபித்துக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்கு வந்துவிட்டார். வந்த இடத்தில் ஒருவன் நல்ல வேலை இருக்கிறது என்று ஆசைகாட்டிக் கப்பலேற்றிவிட்டான். புது மனைவியும் கூடவே ஏறினாள். தென்னாப்பிரிக்காவில் கேட்டாலும் மொரீஷியஸில் கேட்டாலும் இந்தக் கதை சின்னச் சின்ன மாற்றங்களோடு காதில் விழும். பிறகு ஒருநாள் நான்காம் தலைமுறைப் பெண் ஒருத்தி பழைய பதிவேட்டில் அந்தத் தாத்தாவைக் கண்டுபிடிக்கிறாள். அங்கே எழுதியிருப்பது வீட்டுக் கதையோடு பொருந்துவதில்லை. வயது வேறு, ஊர் வேறு, சாதி வேறு. பாட்டி வந்த கப்பலே வேறு.

அந்த இடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி, இதில் எது உண்மை என்பதுதான். அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தாளை எழுதியவர் யார், எதற்காக எழுதினார், யார் சொல்லக் கேட்டு எழுதினார்? குடும்ப வரலாறு தேடுகிறவர்களைத் தூக்கிவாரிப்போடுகிற செய்திகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் கேட்டால் விளங்கிவிடும். கேட்காமல் போனால் செத்துப்போன மனிதர் மேல் வீண்பழி விழும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே தாள் அதிகம். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனில் 342 பேரை இறக்கியது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். 1911-இல் இந்திய அரசு நிறுத்தும்வரை, நடுவில் சில ஆண்டுகள் தவிர, கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள், மற்றவர்கள் கல்கத்தாவில். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கும் எண் உண்டு. அந்த எண் ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. குழந்தை பிறந்தால், கல்யாணம் பதிந்தால், ஆள் இறந்தால் அந்த எண்ணைத்தான் எழுதினார்கள். எண்கள் வரிசையாக ஓடுவதால் எண் கிடைத்தாலே கப்பல் எது, ஆண்டு எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். உடலில் உள்ள அடையாளங்களுக்கும் ஒரு கட்டம் உண்டு. புருவத்தில் தழும்பு, மார்பில் மச்சம், முன்கையில் பச்சை. கொள்ளுப்பேத்தி இதைப் படிக்கும்போது கண் கலங்குவாள். படமே இல்லாத ஒரு மனிதரின் தோலில் இருந்த வடு நூற்றைம்பது வருஷம் கழித்துத் தெரிகிறதே என்று. அந்தக் கலக்கம் நியாயமானது. ஆனால் எழுதியவர்கள் பேத்திக்காக அதை எழுதவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடுகிறவரை அடையாளம் கண்டு பிடித்துக் கொண்டுவரத்தான் அந்தக் கட்டம். அன்பு காட்டுவதற்காக அதில் ஒரு எழுத்தும் எழுதப்படவில்லை. அதை மறந்துவிட்டால் பட்டியலை அளவுக்கு மீறி நம்ப ஆரம்பித்துவிடுவோம்.

வயதைப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து, முப்பது என்று முழு எண்களாகவே திரும்பத் திரும்ப வரும். பிறந்த தேதி எழுதிவைக்கும் வழக்கம் ஏழை வீடுகளில் இல்லை. எழுதுகிறவர் முகத்தைப் பார்த்து ஒரு மதிப்புப் போட்டிருப்பார். முப்பத்தெட்டு வயதுக்காரர் முப்பது என்று சொல்லியிருக்கலாம், இளம் உடம்புதான் அவர்களுக்கு வேண்டும் என்பதால். எனவே வயதில் ஐந்தாறு வருஷம் இப்படியும் அப்படியும் இருந்தால் 'இது நம் தாத்தா இல்லை' என்று தள்ளிவிடாதீர்கள். அப்பா பெயரும் கிராமமும் பொருந்துகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

கிராமத்துக்கு வருவோம். இங்கேதான் தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னவர் தமிழிலோ தெலுங்கிலோ சொன்னார். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டார். ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாகிவிட்டன. அந்த எழுத்தைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் விளங்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்டால் இன்னும் நல்லது. அப்போதும் நல்லூர் என்றும் புதூர் என்றும் எத்தனையோ ஊர்கள் வரும். அதனால் கிராமத்தைவிடத் தாலுகாவைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஜில்லா கட்டத்தில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. நேட்டாலுக்குப் போனவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள். இன்று வட ஆர்க்காடு என்று தேடினால் அது 1989-இல் வேலூர்ப் பக்கம் ஒன்றும் திருவண்ணாமலைப் பக்கம் ஒன்றுமாகப் பிரிந்தது என்று தெரியவரும். 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. உடனே டர்பனிலிருந்து வேலூருக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ஆனால் கப்பலேறிய காலத்து வட ஆர்க்காடு இதைவிடப் பெரியது. சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் அதற்குள் இருந்தன. 1911-இல்தான் அவற்றைப் பிரித்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கினார்கள். அப்படிப் போன திருத்தணி 1960-இல் நம் பக்கம் திரும்பி வந்தது; மற்றவை ஆந்திரத்தில் தங்கிவிட்டன. ஆகவே பட்டியலில் வட ஆர்க்காடு, சந்திரகிரி தாலுகா என்று இருந்தால் நீங்கள் போக வேண்டியது திருப்பதிப் பக்கம்.

இந்த ஒரு செய்தி சில குடும்பங்களை உலுக்கிவிடும். நான்கு தலைமுறையாகத் தமிழ்ப் பள்ளிக்கும் தைப்பூசக் காவடிக்கும் போய்வந்தவர்களுக்கு, தாத்தா வீட்டில் தெலுங்கு பேசியிருக்கலாம் என்று தெரியவருகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தத் தாலுகாக்களில் இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்கின. சென்னைக் கப்பலில் வந்தவர்கள் எல்லோரையும் தோட்ட முதலாளிகள் ஒரே பெயரால் அழைத்தார்கள். பக்கத்து வரிசை வீட்டில் எந்த மொழி அதிகமோ அது பிள்ளைகளின் மொழியாயிற்று. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. ஒரு குடும்பம் புது மண்ணில் எப்படி ஒட்டி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அடுத்து பாட்டி. தாத்தாவும் பாட்டியும் சேர்ந்தே கப்பலேறினார்கள் என்பது கதை. பட்டியலில் அவருக்கும் அவளுக்கும் எண்கள் ஆயிரக்கணக்கில் தள்ளி நிற்கும். அவள் வேறு வருஷம், வேறு கப்பல். சில நேரம் கையில் ஒரு குழந்தையோடு வந்திருப்பாள், அந்தக் குழந்தைக்குக் கப்பலில் அப்பா என்று யாரும் இருக்க மாட்டார். குடும்பமே மூத்த தாத்தா என்று கும்பிடுகிறவர் அந்தக் குழந்தைதான் என்பது அப்புறம் தெரியவரும்.

இங்கே அவசரப்பட்டுப் பேசிவிடக் கூடாது. ஒப்பந்தக் கப்பல்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஆள்பிடிக்கிறவர்களுக்கு அந்த நாற்பதை நிரப்புவதே பெரும்பாடு. புருஷன் செத்தவள், கைவிடப்பட்டவள், அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்தவள், பஞ்சத்தில் எல்லோரையும் இழந்தவள் என்று தனியாக நின்ற பெண்கள் பலர் அப்படிக் கப்பலேறினார்கள். கடலின் மறுகரையில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில் அந்த முதல் பாதி இல்லை. நானாக இருந்தால் அந்தக் கதையைப் பொய் என்று எழுத மாட்டேன். தனியாக ஒரு பெண் கைக்குழந்தையோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்து, ஒரு குடும்பத்தை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு மரியாதையான ஒரு கதையையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இத்தனை காலம் அவளுக்கு வீட்டில் தனிப் பேரே இல்லாமல் போனதுதான் வருத்தம்.

கல்யாணத் தேதியும் இதே மாதிரிதான். மூத்த மகன் 1898-இல் பிறந்திருப்பார், அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவு 1914-க்குப் பிறகு இருக்கும். கொள்ளுப்பேரனுக்குச் சங்கடம். காரணம் சட்டத்தில் இருக்கிறது. நேட்டாலில் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தங்கள் கல்யாணத்தை இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1891-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தோட்டத்தில் மஞ்சள் கயிறு கட்டி, நாலு பேருக்குச் சோறு போட்டால் கல்யாணம் முடிந்தது என்று இருந்தவர்கள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார்: கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதிவாகாத திருமணங்கள் செல்லாது. ஒரே நாளில் ஆயிரமாயிரம் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றானார்கள். காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு முக்கியமான காரணம். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஏற்கெனவே சேர்ந்து வாழ்கிறவர்கள் பதிந்துகொள்ள வழிசெய்தது. கொள்ளுத்தாத்தாவின் பதிவு அந்த வரிசையில் நின்று வாங்கியதாக இருக்கலாம்.

இன்னொரு தாள், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்த பிறகும் சிலர் மறுபடி அதே தோட்டத்தில், மறுபடி ஐந்து வருஷம் என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், இல்லை, கைநாட்டு வைத்திருப்பார்கள். இதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் இரண்டு விதமாக நினைப்பார்கள். ஒன்று, அங்கே வாழ்க்கை அவ்வளவு மோசமில்லை போலும். அல்லது, தாத்தாவுக்கு எழுந்து நிற்கத் தெரியவில்லை. இரண்டுமே தப்பு. 1895-இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், இல்லையேல் மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. பிற்பாடு பதினாறு வயதான மகனுக்கும் பதின்மூன்று வயதான மகளுக்கும்கூடத் தனித்தனி வரி என்றாயிற்று.

மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். ஒப்பந்தத்தின் முதல் வருஷம் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் பதினான்கு. ஆக முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதம் முழுக்க வரிக்கே போய்விடும். புருஷன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் என்றால் பன்னிரண்டு பவுன், அதாவது 240 ஷில்லிங்; ஐந்தாம் வருஷச் சம்பளத்தை வைத்தாலும் பதினேழு மாதக் கூலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் அந்தக் கைநாட்டை மறுபடி பாருங்கள். குடும்பத்தைக் காப்பாற்ற மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். 1913-இல் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்திவிட்டு எழுந்ததும் இந்த வரியால்தான். 1914-இல் அது ஒழிந்தது.

முதலாளி பெயர் நடுவில் மாறியிருந்தாலும் விசாரியுங்கள். சும்மா மாறியிருக்காது. காந்தி தன் சத்திய சோதனையில் பாலசுந்தரம் என்ற தமிழரைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலாளி அடித்துப் பல் உடைந்து, முண்டாசைக் கையில் பிடித்தபடி அவரது டர்பன் அலுவலகத்துக்கு வந்தவர். காந்தி முயன்று அவரது ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார். பதிவேட்டில் மாற்றம் என்று ஒரு சொல்தான் இருக்கும். அதற்குப் பின்னால் இப்படி ஒரு இரத்தக்கறை இருக்கலாம். பாதுகாவலர் அலுவலகத்துப் புகார்க் கோப்புகளில் தேடினால் தாத்தாவின் வாக்குமூலமே கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

சாதிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வீட்டில் ஒரு பட்டம் இருக்கும், பட்டியலில் வேறொன்று இருக்கும். கப்பலேறும்போது ஒருவர் உள்ளதை மறைத்திருக்கலாம், எழுதியவர் தப்பாகப் போட்டிருக்கலாம், இறங்கிய பிறகு குடும்பம் வேறு பட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். மூன்றுமே நடந்திருக்கின்றன. ஊரில் தன்னை மிதித்த ஒரு பெயரைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர் அதற்கான உரிமை உள்ளவர். அதைத் தோண்டி எடுத்துச் சொந்தக்காரர்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதற்காக யாரும் இந்தத் தேடலில் இறங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தெரிந்துகொள்ளுங்கள், குறித்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்கள் மனம் புண்படாமல் எப்போது, யாரிடம் சொல்வது என்று யோசித்துச் செய்யுங்கள்.

மொரீஷியஸில் வேறொரு புதையல் இருக்கிறது. அங்கே ஒப்பந்தத் தொழிலாளர் வருகை 1834-இலேயே தொடங்கிவிட்டது. அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முதல் ஒப்பந்தத்தை முடித்தவர்கள் கையில் எப்போதும் ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும், அதில் ஒட்டுவதற்குப் படம் பிடிக்க வேண்டும் என்று 1867-இல் ஒரு சட்டம் போட்டார்கள். சீட்டு இல்லாமல் தெருவில் அகப்பட்டால் திரிகிறவன் என்று சிறை. அப்படி எடுத்த படங்கள் மோகா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ள பதிவேடுகளில் இருக்கின்றன. அதே காலத்தில் தஞ்சாவூரில் ஐம்பது வேலி நிலம் வைத்திருந்தவருக்குப் படம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். கூலிக்கு வந்தவரின் முகம் இருக்கிறது. நேராகக் கேமராவைப் பார்க்கிற முகம். பேத்தி அதில் தன் அண்ணனின் மூக்கைக் கண்டுபிடிக்கிறாள். அடக்கி வைக்க எடுத்த படம் அவளுக்குக் குலதனம் ஆகிவிட்டது. அதை வீட்டுக் கூடத்தில் மாட்டும்போது எதற்காக எடுத்த படம் என்பதையும் கீழே எழுதி மாட்டச் சொல்வேன்.

இலங்கை மலையகத்துக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியலை எதிர்பார்க்க முடியாது. அங்கே பெரும்பாலும் கங்காணி முறை. கங்காணி தன் ஊரிலேயே சொந்தபந்தங்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டமாகப் போவார். கணக்கு ஆள் பேரில் இருக்காது, கடன் பேரில் இருக்கும். இலங்கையில் ஒருவர் தோட்டம் மாற வேண்டுமானால் இவ்வளவு கடனைக் கட்டினால் விடுவிக்கலாம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921-இல் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. ஆகவே அங்கே தேடுகிறவர் தாத்தாவின் பெயரைத் தேடுவதைவிடக் கங்காணியின் பெயரைத் தேடுவது பலன் தரும். கங்காணியின் ஊர் தெரிந்தால் தாத்தாவின் ஊர் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மலையகத்தைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்ப வரலாறு ஆசைக்குத் தேடுவது. அவர்கள் தலையில் அது பரீட்சையாக இறங்கியது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி இலங்கையிலேயே பிறந்தவராக இருந்தாலும் அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பாவழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் பிறப்புச் சீட்டு வாங்கிவைத்தார்கள்? மூன்று தலைமுறைக்கு முன்னால் பிறந்தவருக்குத் தாள் காட்ட முடியாமல் ஒரு மக்கள்கூட்டமே நாடற்றவர்கள் ஆயினர். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று பிரித்தது. மீதி 1,50,000 பேர் கதை 1974 வரை இழுத்தது. மலையகத்திலிருந்து நீலகிரிக்கோ திருச்சிக்கோ வந்து சேர்ந்த ஒரு குடும்பத்தில் அந்தக் காலத்து விண்ணப்ப நகல் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாலு தலைமுறை அதில் இருக்கலாம்.

இனி ஊரைவிட்டுப் போகாதவர்கள் பக்கம். எங்களுக்கு எதுவும் கிடைக்காது, நாங்கள் இங்கேயே இருந்தவர்கள் என்பார்கள். இங்கே அந்தக் கப்பல் பட்டியலுக்குச் சமமானது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் இருக்கிறது. கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற அதே வழிதான். ஒவ்வொரு பழைய பத்திரமும் இன்ன ஊரில் வசிக்கும் இன்னாருடைய குமாரர் இன்னார் என்று தொடங்கும். இரண்டு பத்திரத்தை அடுத்தடுத்து வைத்தால் நாலு தலைமுறை வந்துவிடும். பாகப்பிரிவினை கிடைத்துவிட்டால் யோகம்தான். அண்ணன் தம்பிகள், அவர்கள் மகன்கள், மைனர் பிள்ளைகள் என்று வம்சமே அதில் நிற்கும்.

ஆனால் யாருக்காக எழுதிய தாள் என்று கேளுங்கள். சொத்துக்காக எழுதியது. சொத்தில் பங்கு இல்லாதவர் அந்தத் தாளில் இல்லை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முந்திய பாகப்பிரிவினையை வைத்து வம்சாவளி வரைந்தால் வீட்டில் பெண்ணே பிறக்கவில்லை என்பதுபோல் இருக்கும். தாத்தாவுக்கு மூன்று அக்காக்கள் இருந்ததே பேரனுக்கு ஐம்பது வயதில்தான் தெரியவரும், அதுவும் எங்கோ ஒரு விடுதலைப் பத்திரத்தில் அவர்கள் கைநாட்டு இருப்பதால். எதிர்பாராமல் ஒரு பெண்ணின் பெயர் வேறோர் இடத்திலும் வரும். புருஷன் சிறுவயதில் இறந்து, மைனர் மகனுக்குத் தாயாரே கார்டியனாகக் கையெழுத்திடும் இடம். குடும்பத்தை அந்தப் பத்து வருஷம் யார் நடத்தினார்கள் என்பது அங்கேதான் தெரிகிறது.

வாய்வழியாக வருவதற்கும் இதே கேள்விகள் உண்டு. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். அதனால் முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். நினைவு இரண்டு முத்துசாமிகளை ஒருவராக ஒட்டிவிடும். நூற்றுப்பத்து வயது வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பெரியவர்களில் பலர் இப்படித் தாத்தாவும் பேரனும் சேர்ந்த ஒருவர். வருஷமும் அப்படித்தான். தாது வருஷம் பிறந்தவர் என்பார்கள். தாது வருஷப் பஞ்சத்தை நினைத்து 1876 என்று போட்டுக்கொள்வோம். அறுபது வருஷம் சுற்றி 1936-இலும் தாது வந்திருக்கிறது. பழைய ஜாதக நோட்டில் வருஷத்தோடு கிரக நிலையும் இருக்கும்; ஜோதிடம் அறிந்த ஒருவரிடம் காட்டினால் எந்தச் சுற்று என்று சொல்லிவிடுவார்.

நம் கல்யாண முறையால் வரும் ஆச்சரியம் தனி. அத்தை மகன், மாமன் மகள் கட்டிய வீடுகளில் வம்சாவளி விரிந்துகொண்டே போகாது, மடங்கி உள்ளே வரும். எல்லோருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் ஆறு பேர்தான். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனுக்குப் பிறந்த குழந்தைக்கு, அப்பாவின் அப்பா தாத்தாவும் ஆகிறார், அம்மாவழியில் கொள்ளுத்தாத்தாவும் ஆகிறார். மரபணுச் சோதனை செய்துகொள்கிற இளைஞர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஒருவரோடு எவ்வளவு மரபணு பொதுவாக இருக்கிறது என்று பார்த்துத்தான் சோதனை உறவைக் கணிக்கிறது. மடங்கி மடங்கி வந்த குடும்பங்களில் அது தூரத்து உறவையும் நெருங்கிய உறவு என்று காட்டிவிடும். அதை வைத்து வீட்டில் யாரையும் சந்தேகப்பட்டுவிட வேண்டாம்.

எந்தத் தாளிலும் இல்லாத ஒரு தடயம் குலதெய்வம். பக்கத்துத் தெருவில் நூறு வருஷமாக இருக்கிற குடும்பத்துக்குக் குலதெய்வம் மூன்று ஜில்லா தள்ளி இருக்கும். முடியிறக்கவும் காதுகுத்தவும் அங்கே போய்வருவார்கள், ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பம் எங்கிருந்து நகர்ந்து வந்தது என்பதற்கு அதுதான் முதல் தடயம். டர்பனிலிருந்து வருகிறவர்களிடமும் நான் கேட்கச் சொல்வது இதையே. பட்டியலில் ஊர்ப் பெயர் சிதைந்திருந்தாலும் வீட்டுச் சாமியின் பெயர் பெரும்பாலும் சிதையாமல் வந்திருக்கும். தாலுகாவும் சாமியும் சேர்ந்தால் தேட வேண்டிய ஊர்கள் ஒரு கை விரலுக்குள் வந்துவிடும். அந்தக் கோயில் பூசாரியிடம் வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்று கேட்கலாம். கப்பலேறியவரின் தம்பி வழி வந்தவர்கள் அதில் இருக்கக்கூடும்.

இதையெல்லாம் தேடத் தொடங்குமுன் வீட்டில் வயதான பெண்மணிகள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்வழியைத் தாள் ஓரளவுக்குக் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெண்வழி அவர்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வம்சம் என்ன என்று பொதுவாகக் கேட்டால் பேச மாட்டார்கள். அத்தை, உங்கள் அம்மாவுக்குப் பிரசவம் எந்த ஊரில் பார்த்தார்கள்? உங்கள் பாட்டி காதுகுத்துக்கு யார் மடியில் உட்கார்ந்தார்கள்? தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது? யார் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று? இப்படிக் கேளுங்கள். செல்போனில் பதியும்போது தொடக்கத்திலேயே அவர் பெயர், வயது, நீங்கள் அவருக்கு என்ன உறவு, அன்றைய தேதி எல்லாவற்றையும் சொல்லிப் பதியுங்கள். அவர் சொல்வது பட்டியலோடு முரண்பட்டால் எதையும் அடிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது யார் சொன்னது என்று குறித்துவையுங்கள். அடுத்த தாள் கிடைக்கும்போது இரண்டையும் எடுத்துவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.